அடியோடு வெட்டிய செம்பருத்தி

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பாவின் ஆசிகள். நலம் என்று பொதுவாக எழுதினால் உன் அம்மாவையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும், அதனால் நான் மட்டும் நலம், நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது, அதையும் என்னைத் திட்டுவதற்கே செலவழிக்கிறாள், திட்டட்டும், எனக்கு அது போதும். டாக்டர் இப்போதெல்லாம் நடப்பதைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, போனில் உன் முகம் வாடித் தெரிகிறது.

அவள் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டது உனக்குத் தெரியும். வெளியே அவளுடைய செம்பருத்திப் புதர்கள். நன்றாக இருந்தவரை அவள்தான் கவாத்து செய்வாள், வருடத்துக்கு ஒருமுறை முற்றின தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுப்பாள். அவள் படுத்த பிறகு கத்தரி என் கைக்கு வந்தது. முடிதிருத்துபவர் மாதிரி மேலாகச் சமமாக நறுக்கிக்கொண்டே இருந்தேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டின இடத்திலெல்லாம் நாலு கிளை கிளம்பி மேலே அடைத்துக்கொண்டது, உள்ளே பார்த்தால் இலையே இல்லை, வெறும் குச்சியும் மாவுப்பூச்சியும். அறையில் பட்டப்பகலில் விளக்கு போட வேண்டியதாயிற்று. அவளிடம் கேட்டேன். தலைய வெட்டாதீங்க, அடியில பழசா பாத்து எடுங்க, மூணுல ஒண்ணு போதும், மீதிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருடத்தை யார் கண்டது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, கைரம்பத்தை எடுத்து எல்லாவற்றையும் தரையோடு அறுத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, என்ன சார் மொட்டையே அடிச்சிட்டீங்க என்றார். துளிர்க்குமா என்று தெரியவில்லை, இந்த வருடம் பூ நிச்சயம் இல்லை.

வெளிச்சம் வந்தது. அம்மா கண்கூசி முகத்தைத் திருப்பினாள், பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், அவள் பார்வை வெளியிலேயே நிலைத்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இப்போது கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் கேட் நேராகத் தெரிகிறது. புதர் மறைத்திருந்தவரை மணி என்ன, சாப்பாடு ஆச்சா என்று ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது கேட்டையே பார்த்தபடி கிடக்கிறாள். கேஸ்காரர் வந்தாலும் தலையைத் தூக்குகிறாள். நேற்று யாரோ ஒரு பெண் தோளில் பையோடு வந்து நின்றாள். அம்மா பரபரத்துப்போய், எனக்குத் தலை சீவி விடுங்க சீக்கிரம் என்றாள். சீப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்தப் பெண் தையல்காரர் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியும் சீவி விட்டேன், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் வேலையும் விசாவும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று தெரியாதவன் இல்லை, உன்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. தீர்க்காயுசாக இருங்கள் இருவரும். ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற தேதி முடிவானால் என்னிடம் மட்டும் சொல், அம்மாவிடம் சொல்லிவிடாதே. சொன்ன நாளில் நீ வராமல் போனால், அவளுக்குத் தலை சீவிவிட என் கை வராது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா