துறவிகளுக்கு ஏன் வளையல்?

இன்று தீவில் ஒரு சங்கை ஈர்வாளால் அறுத்துப் பார்த்தோம். பழைய ஆட்கள் எப்படி அறுத்திருப்பார்கள் என்று அறியத்தான். தூள் பறந்ததும் பல் வைத்தியரின் அறையில் வருகிற அதே மணம். நீர் இருந்திருந்தால் அப்போதே வள்ளம் ஏறிப் போயிருப்பீர். பல் வைத்தியருக்கு அப்படிப் பயந்த மனுஷி.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கமாட்டாமல் சிநேகிதிகள் நாம் இரண்டு பேரும் பழசைத் தேடித் தோண்டும் இந்த அகழ்வுக் கிடங்குக்கு வந்து சேர்ந்தோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பௌத்தத் துறவிகளின் மடம். கம்பஸில் படிப்பிக்கிற ஆட்களோடு ஊர்ச்சனமும் சேர்ந்து தோண்டியது. மண்ணை அரிதட்டில் போட்டு அரிப்பது நம் வேலை. பானை ஓடுகளை எடுத்து வைத்துவிட்டு, சங்குத் துண்டுகளைக் கடகம் கடகமாக வெளியே கொட்டினோம். கடலோடு வாழ்கிறவர்களுக்குச் சங்கு குப்பைதானே. கடற்கரைக் குருநகர்க்காரி நீர்தான் முன்னுக்கு நின்று கொட்டினீர்.

பெரிதாய் ஒன்றுமில்லை, கிடங்கை மூடுவோம் என்று பொறுப்பாக இருந்தவர் சொல்லிவிட்டார். நீர் களைத்துப்போய் அந்தக் குவியலிலேயே குந்தி இருந்தீர். உம்முடைய கை சும்மா கிடக்காதே. ஒரு துண்டை எடுத்துத் திருப்பினீர்.

"இஞ்சை பாரும். கடல் இவ்வளவு நேராய் அறுக்குமே?"

கொட்டியதையெல்லாம் திரும்ப அரித்தோம். அறுத்த வளையங்கள், பாதி தேய்த்த வளையல்கள். கிடங்கு தப்பியது. உமக்கோ தலைக்குள் வண்டு புகுந்துவிட்டது: துறவிகளுக்கு ஏன் வளையல்? கப்பலில் வந்தவர்களுக்கு விற்றார்கள் என்றார் ஒருவர். காணிக்கை என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் "இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வியை எடுப்பீர்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே கதை. "சாகமுந்தி அறிஞ்சிட வேணும்" என்பீர். கடைசியாகக் கண்ட அன்று, "என்னவாம்?" என்று கேட்டீர். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உம்மிடம் அதற்கு வாய் வரவில்லை.

"இன்னும் தெரியேல்லை."

"பறவாயில்லை. நீர் விட்டிடாதையும்."

போன கிழமை என் அரிதட்டில் ஒரு சின்ன வளையல் நின்றது. பிறந்த முப்பத்தொன்றாம் நாளில் பிள்ளைக்குக் காப்புப் போடுவோமே, அந்தக் கையளவு. துறவிகளின் இடத்தில் பிள்ளை யாருடையது? விடை தேடப் போனால் கேள்வி குட்டி போட்டிருக்கிறது. உமக்குக் காட்டத்தான் திரும்பினேன். பக்கத்தில் ஆளில்லை. கிடங்கடியில் குந்தி இருந்து அழுதேன்.

நீர் கேட்டதை நான் விடவில்லை. வருகிறவர்கள் எல்லோரையும் கேட்கிறேன். "உவவுக்கு வேறை வேலையில்லை" என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், விடை கிடைத்துவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது. கிடைத்துவிட்டால் உம்மோடு கதைக்க எனக்கு வேறென்ன மிச்சம்?