வாளியில் இருப்பது களை இல்லை

எழுந்ததும் குளியலறை வாளியைக் கவிழ்த்துவிடாதே.

நேற்று சண்டையில், "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷத்துல என்னத்தப் பிடுங்கினீங்க?" என்று கேட்டாயே, ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலமே போய், நம் முதியோர் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில் களை எடுத்தேன். காலையில் கண்ணாடி போட்டுப் பார்த்தால், அது களை இல்லை. அங்கே கார் நிறுத்துமிடம் வராமல் தடுக்க மூன்று வருஷமாக மனு மேல் மனுவாகப் போட்டாயே, அதில் நீ எழுதிய அபூர்வச் செடிகளேதான்.

முப்பது வருஷம் தாவரவியல் வாத்தியார் நான். 'இங்கே எதையும் பிடுங்காதீர்கள்' என்று அங்கே பலகை எழுதி வைத்ததும் நான்தான். அந்தப் பலகையில்தான் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தேன்.

பத்து மணிக்கு அதிகாரி செடிகளைப் பார்க்க வருகிறார். பாதியைத் திரும்ப நட எடுத்துப் போகிறேன். மீதிக்கு வேர் காயாமல் ஈரத்துணி சுற்றியிருக்கிறேன். அது உன் நல்ல துண்டு. அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

பிளாஸ்கில் காபி இருக்கிறது. சர்க்கரை போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

பி.கு: குனிந்தால் நிமிர முடியவில்லை. கோபம் ஆறாவிட்டாலும் வாளியோடு வா.

இன்னொன்று: நீ கேட்ட கேள்விக்குப் பதில், நாற்பத்தேழு செடி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.