மகாராணி, எடை எழுபத்தொரு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கூட்டம் இல்லை. முதலில் வந்தது வயதான ஒரு பெண் நாய். கருத்தடை செய்து பல வருஷம் ஆகிறது. இப்போது தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கையை நனைத்துவிடுகிறது. வளர்ப்பவர் பஸ் டிரைவர். நாய்க்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணும் திட்டல டாக்டர், அதுக்கே வெக்கமா இருக்கு. மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தால் இப்படி ஆகும், மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

மதியம் இன்னொரு நாய்க்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன். ரத்தக் குழாயைக் கட்டும் நேரம் பார்த்து எனக்கு அந்த உடம்புச் சூடு வந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறி, மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. முடிச்சு நழுவிவிட்டது. ரத்தம் பொங்கியது. எதிரே நின்ற பங்குதாரர் சட்டென்று கை நீட்டிப் பிடித்துக் கட்டினார். நாய் பிழைத்துக்கொண்டது. அதன் கருப்பையை நான் எடுக்கப் போனால், என்னுடையது எனக்கு வேலை காட்டுகிறது.

இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்குப் பாதி, அவருக்குப் பாதி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டார். "கொஞ்ச நாளைக்கு ஊசி, தடுப்பூசி மட்டும் பாருங்க டாக்டர். உங்க நல்லதுக்குத்தான்." ஜூலையிலிருந்து ஆபரேஷனுக்கு ஓர் இளம் டாக்டரை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாராம்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படி அன்பாகப் பேசுகிற ஆளை என்ன செய்வது? அந்த ஆபரேஷன் மேஜையின் உயரத்தை என் இடுப்பளவு பார்த்துத்தான் பொருத்தினோம். வேறு எதிலும் நான் இவ்வளவு தேர்ந்தவள் இல்லை. சமையல் சுமார். கணக்கு அதைவிடச் சுமார். தைப்பேன், கட்டுவேன், திறந்த வயிற்றைப் பத்திரமாக மூடுவேன். அதைப் பிடுங்கிவிட்டால் நான் யார்?

மார்ச் 7, வெள்ளி

குடும்ப டாக்டரிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆகிறது. வேர்வை, படபடப்பு, தூக்கம் கிடையாது, தினமும் எழுதுகிற மருந்தின் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. ஹார்மோன் சிகிச்சை வேண்டும் என்று கேட்டேன்.

சிரித்தார். "இது நோய் இல்லம்மா, வயசு. எல்லாரும் தாண்டி வர்றதுதான்."

"நான் ஆபரேஷன் பண்றவ டாக்டர். எனக்குக் கை அசையாம நிக்கணும்."

"அதெல்லாம் கேன்சர்ல கொண்டு விட்டுடும். நான் எழுத மாட்டேன்."

எந்த மருந்தில், எந்த வயதில், எத்தனை பேருக்கு என்று கேட்டேன். முகம் மாறியது. "இது மாடு இல்லம்மா. மனுஷ உடம்பு."

மனுஷ உடம்பாம்! மாட்டைக்கூட நான் தொட்டுப் பார்க்காமல் அனுப்பியதில்லை. இவர் என் ரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை. தூங்க ஒரு மாத்திரை, மனசுக்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்த இரண்டுக்கும் பக்க விளைவே கிடையாதாக்கும்! கிளம்பும்போது, "அடுத்த தடவ வர்றப்ப சாரையும் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

சார் எதற்கு? வேர்ப்பது சாருக்கா?

மார்ச் 8, சனி

தூக்க மாத்திரை போட்டேன். இப்போது தூங்கிக்கொண்டே வேர்க்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அந்தக் குடும்ப டாக்டருக்குச் சாக்கு கிடைக்கக் கூடாது என்று எல்லாச் சோதனையும் செய்துகொண்டேன். மேமோகிராம், கர்ப்பப்பை ஸ்கேன், ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல். எதிலும் குறை இல்லை. குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்று வந்ததில்லை, ரத்தக்கட்டு வந்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, கேட்டபடியே "சாரை"யும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஃபைலை நீட்டினேன். திறக்கவில்லை. ஒற்றை விரலால் மேஜைமேல் என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு என் புருஷனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் அந்த அறையில் இருக்கிற எடை பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு சாமான்.

"இந்த வயசுல கொஞ்சம் கோபம், கொஞ்சம் சந்தேகம்லாம் வரும் சார். நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்."

இவர் தலையாட்டினார்.

தலையாட்டினார்! லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். ஒரு போல்ட்டு சரியில்லை என்றால் முதலாளியிடமே மல்லுக்கு நிற்கிற மனுஷன். அங்கே தலையாட்டி பொம்மை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் தலையாட்டினீங்க?"

"பெரியவர் சொல்றார்... அவர்கிட்ட போய் எதுக்கு வாதம்னு..."

"எனக்கு என்ன சந்தேகம் வந்துச்சு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"அவர் பொதுவா சொன்னார் மகாராணி."

எனக்குக் கோபம் வந்தால் இவர் கூப்பிடுகிற பெயர் அது. கூப்பிட்டால் கோபம் இன்னும் ஏறும் என்று இத்தனை வருஷத்தில் தெரிந்துகொள்ளவில்லை.

"அப்ப பொதுவான பொண்டாட்டி யாராவது இருந்தா அவளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. நான் பஸ்ல வர்றேன்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டாள். நல்ல பெண்.

மார்ச் 22, சனி

அக்காவுக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவள், வீட்டிலும் பாதி நேரம் அதேதான்.

"நாங்கல்லாம் இத வெளியில சொன்னமாடி? பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கல?"

"நீ ஏன்க்கா பொறுத்துக்கிட்ட? யார் சொன்னா?"

"சரி சரி, பால் பொங்குது" என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டில் யாரும் பால் குடிப்பதில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று செய்ததை எழுதவே கூசுகிறது.

மதியம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பங்குதாரர் என் ஆபரேஷன் மேஜையருகே நின்று ஒரு பூனைக்கு எலும்பு சேர்த்துக்கொண்டிருந்தார். நான் நாய்க்குட்டிகளுக்கு வரிசையாகத் தடுப்பூசி. வயிறு எரிந்தது. அறைக்கு வந்து மருந்துச் சீட்டை எடுத்தேன். விலங்கு: நாய். பெண். வயது: எட்டு. பெயர்: மகாராணி. மருந்து, மனிதர்கள் சாப்பிடுகிற அதே ஈஸ்ட்ரோஜன். கையெழுத்தும் போட்டாயிற்று.

எடை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எடை எழுதாமல் இதுவரை ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. பொய் எடை எழுதினால் அளவு தப்பும், அளவு தப்பினால் உயிர் போகும். அது கையிலேயே ஊறிப்போன பழக்கம். ஏமாற்றுவது என்று துணிந்த பிறகும் அந்தக் கை கேட்கவில்லை. எழுபத்தொரு கிலோ என்று உள்ளதை எழுதி, போனில் படம் பிடித்து மருந்துக்கடைக்கு அனுப்பினேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மாட்டினால் லைசென்ஸ் போகும். மாட்டாவிட்டால்? புரோஜெஸ்டிரான் என்கிற இன்னொரு ஹார்மோனைச் சேர்க்காமல் இதை மட்டும் போட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோயாகலாம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே எழுதினேன். அந்த அளவுக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் போன். மருந்துக்கடைக்கார அம்மாள். என் வயதிருக்கும். இதுவரை "ஸ்டாக் இருக்கு, ஸ்டாக் இல்ல" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"டாக்டர், இந்த மகாராணி... நாய்தானா?"

"ஆமா. பெரிய ஜாதி."

"எழுபத்தொரு கிலோவா?"

நேற்றைய சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு, கொஞ்சம் இளைச்ச மாதிரியாவது எழுதியிருக்கலாமே டாக்டர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கூடவே அழுகையும் வந்தது. அவர் காத்திருந்தார். பிறகு, "அந்தப் படத்த அழிச்சிட்டேன். நீங்களும் சீட்டக் கிழிச்சுப் போட்டுடுங்க. நேரா வாங்க" என்றார்.

போனேன். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் வியாழக்கிழமைகளில் இதற்கென்றே உட்காருகிறாராம். "அவங்க எழுதற சீட்டெல்லாம் எங்கிட்டதான் வருது. ஊருக்குள்ள எத்தன பேர் வாங்கறாங்க தெரியுமா? ஒருத்தரும் இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்ல. நானே ரெண்டு வருஷமா அந்த ஜெல்லப் பூசிக்கறேன், என் தங்கச்சிக்குத் தெரியாது."

அப்படியானால் இத்தனை நாளும் இது இந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில். எனக்கு இல்லை என்று சொன்னவருக்கு அது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? எது மோசம்?

ஏப்ரல் 10, வியாழன்

அந்தப் பெண் டாக்டர் ஃபைலைத் திறந்தார். அதற்கே கண் நிறைந்துவிட்டது. முழுக்கப் படித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கேள்வி கேட்டார், நான் சொன்னதை எழுதிக்கொண்டார். ஆபத்து எவ்வளவு, யாருக்கு அதிகம், எனக்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னார். பூசிக்கொள்ள ஒரு ஜெல், படுக்கும்போது விழுங்க ஒரு கேப்சூல். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. ஒத்துக்கலைன்னா மாத்தலாம். எடுக்கறதும் விடறதும் நீங்க முடிவு பண்றது."

நான் முடிவு பண்றது. இந்த வார்த்தைக்காக இத்தனை அலைச்சல்.

வீட்டில் இவர் ஜெல் டப்பாவின் உள்ளே இருந்த தாளை விரித்துவைத்து வரி விடாமல் படித்தார். அதை மடித்து வைத்துவிட்டு, "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா உள்ள மாட்டினவங்ககிட்ட பொறுத்துக்கங்கன்னு நான் சொன்னதே இல்ல. அன்னைக்கு ஏன் தலையாட்டினேன்னு தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தாளை முழுசாகப் படித்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு மாற்றமும் தெரியவில்லை. மார்பகங்களில் மட்டும் லேசாக வலி. அது இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்.

மே 7, புதன்

தூங்கினேன்.

மே 19, திங்கள்

பங்குதாரரிடம் போய் நின்றேன். "புது ஆள வேண்டாம்னு சொல்லல. தாராளமா வைங்க. ஆனா நாளைக்கு வர்ற கருத்தடை ரெண்டும் நான் பண்றேன். நீங்க எதிர்ல நின்னு பாருங்க. கை நடுங்கினா சொல்லுங்க, நானே விலகிக்கறேன்."

யோசித்தார். "என்ன ஆச்சு டாக்டர், திடீர்னு?"

சொன்னேன். மாதவிடாய், வேர்வை, ஜெல், எல்லாமே. மாடுகளின் கருப்பைக்குள் தோள் வரை கை விட்டு வளர்ந்த மனுஷர், காது வரை சிவந்துபோனார். இவருக்கு இவ்வளவுதான் தைரியமா?

மே 20, செவ்வாய்

இரண்டும் முடிந்தன. முடிச்சு நழுவவில்லை. கையுறையைக் கழற்றியபோது பங்குதாரர், "என் வீட்ல அவங்களுக்கும் தூக்கமே இல்ல. அந்த டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி காட்டப் போனேன். அக்கா வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தாள். உள்ளே என் பேச்சு முடிந்ததும், கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவளாகவே கேட்டாள்.

"எனக்கு அறுபத்திரண்டு. இப்ப ஆரம்பிக்க முடியுமா?"

டாக்டர் பொறுமையாக எல்லாம் விசாரித்தார். மாதவிடாய் நின்று பதினோரு வருஷம், ரத்த அழுத்தம் உண்டு. "இப்பப் புதுசா ஆரம்பிச்சா உங்களுக்கு நல்லதவிடக் கெடுதல் ஜாஸ்தி. வேற வழி இருக்கு, பார்ப்போம்" என்றார்.

"அப்பவே கேட்டிருந்தா?"

"குடுத்திருப்பேன்மா."

"சரி" என்றாள் அக்கா. வகுப்பை முடிக்கிற குரல்.

காரில் ஏறியதும் சொன்னாள். "முட்டி வலின்னுதான் வேலைய விட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். முட்டியெல்லாம் இல்ல. கூட்டத்துல பேச நின்னா பேச்சு மறந்துபோகும், ஜாக்கெட் முதுகு நனையும், பசங்க பாத்துக்கிட்டே இருக்கும். நானும் உன் பழைய குடும்ப டாக்டர்கிட்டதான்டி போனேன். வேலைய விட்டுட்டு ரெஸ்ட் எடுங்கன்னார். விட்டுட்டேன். அது என் பள்ளிக்கூடம்டி."

எனக்கு ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். என் அக்கா! அவள் பேர் சொன்னால் வாத்தியார்களே எழுந்து நிற்பார்கள். ஒரு மனுஷன் ஒரு நிமிஷத்தில் வாயால் சொன்னது, அவளுக்கு மிச்சமிருந்த ஒன்பது வருஷ உத்தியோகமே போய்விட்டது. அந்த மனுஷருக்கு ஞாபகம்கூட இருக்காது.

ஜூன் 18, புதன்

மதியம் இவர் போன் செய்தார். "உங்க அக்கா நம்ம பழைய டாக்டர் கிளினிக்ல உக்காந்திருக்காங்களாம். ரிசப்ஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. காய்ச்சலா என்ன?"

காலையில் நன்றாகத்தானே இருந்தாள். பதறிக்கொண்டு ஓடினேன்.

காத்திருக்கும் அறையில் நடு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டோக்கன் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் பெண்கள். தலைமையாசிரியைக் குரல் வாசல் வரை கேட்டது. "உனக்கு வயசென்னம்மா? தூக்கம் வருதா? வெக்கப்படாம சொல்லு. இவர் மருந்து தர மாட்டேன்னு சொன்னா அதோட விட்டுடாத. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ." ஒருத்தி போனில் விலாசத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். அதட்டவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை. அந்தப் பெண் அக்காவின் பள்ளியில் படித்தவளாம்.

உள்ளே போகும் கதவு கொஞ்சம் திறந்து, டாக்டரின் முகம் தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, போலாமா?"

"உனக்கு மூணு மணிக்கு ஆபரேஷன் இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கு."

"அப்ப நீ கிளம்பு" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்த இன்னொரு பெண்ணுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.