பெயிண்ட் இன்னும் காயவில்லை

அன்புள்ள குண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், உண்மையும் அதுதான், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரத்த அழுத்தம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் சரி. நாற்பது வயது ஆளைக் குண்டு என்று எழுதுகிறாளே என்று மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும், நீ இப்போது ஈர்க்குச்சி ஆகிவிட்டாய் என்பதற்காகப் பெயரை மாற்றவா முடியும். போனில் நீ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாய், அழுதியாம்மா, கொஞ்சமாவது அழுதியாம்மா என்று. நான் உம் கொட்டினால் அழுதுவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம். இன்னும் அழவில்லை. உன் அப்பா போய் இத்தனை மாதம் ஆகியும் அழுகை வரவில்லை. போன வாரம் உன் அத்தை வந்து, அண்ணன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள், ஒவ்வொரு சட்டையாக முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலரை நிமிர்த்தி, பட்டன் போட்டு, மடித்து மடித்துக் கொடுத்தேன். கடைசியில் அவள், இப்படிக் கல்லு மாதிரி இருக்காதீங்க அண்ணி, உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு என்றாள். காபி குடிக்கிறியா என்று கேட்டேன்.

நீ சொன்ன காரியம் முக்கால்வாசி முடிந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வீட்டப் பூட்டிட்டு எங்களோடயே வந்துடும்மா, தவளை வண்டிய வித்துடலாம், விக்கறதுக்கு முன்னாடி பாடிய மட்டும் சரிபண்ணிட்டா நல்ல விலை வரும் என்று நீ சொன்னபோது சரி என்றேன். அப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று ஒருவன் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். தவளையின் உறையை எடுத்துப் பார்த்தால் கோலமே மாறியிருந்தது. பானெட்டில் பச்சை வெளிறி, மட்கார்டு ஓரமெல்லாம் உப்பி, கதவுக்குக் கீழே விரலால் குத்தினால் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. பேட்டரியை மாற்றி டிங்கர் பட்டறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்திருந்தேன், முதல் திருப்பத்தில் அது கீழே விழுந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அந்தச் சீட்டில் உன் அப்பாவைத் தவிர யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்தில் வரவில்லை. உன்னைப் பின்னால் பெட்டி வைக்கிற இடுக்கில்தான் திணிப்போம், நீ மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் கத்துவாய், அதில் வந்த பெயர்தான் குண்டு. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் கட்டின புருஷனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நீ ஓட்டு, நான் வேடிக்கை பாக்கறேன் என்பார், முழங்கையைக் கதவின் மேல் வைத்துச் சாய்ந்தால் இறங்கும்வரை எடுக்க மாட்டார். கால் மட்டும் சும்மா இருக்காது, எதிரே லாரி வந்தால் போதும், இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி அழுத்தும். ஒன் டிரைவிங் ஸ்கூல் வண்டில சொல்லித்தர்றவங்க பக்கமும் ஒரு பிரேக் வச்சிருக்கியே, எங்கேயோ இருந்து வர்ற பசங்களுக்காக அது, புருஷன் உசுருக்கு இங்க ஒண்ணு வைக்கக் கூடாதா என்று கேட்பார். பயமா இருந்தா எறங்கி நடங்க என்பேன். இறங்கினதே இல்லை.

டிங்கர் என்னிடம் ஓட்டப் படித்தவர், லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவர், இன்றைக்கும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சாரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஒட்டிப் பார்த்தார். இரும்பு உள்ள இடத்தில் ஒட்டியது, சில இடத்தில் வழுக்கி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் வெறும் பட்டி. எனக்கு முன்னால் வைத்திருந்த மனிதர் பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார், நான் இத்தனை வருடம் அதைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருடம் ஓட்டியிருப்பார். டிங்கர் குரலை இறக்கி, விக்கற வண்டிதானே டீச்சர், மறுபடியும் பட்டிய வச்சே மூடிட்டா பாதிச் செலவுல முடிஞ்சுடும், வாங்கறவனுக்குத் தெரியவா போகுது என்றார். தெரியாதவனை ஏற்றி அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வையுங்கள் என்றேன். வெட்டினார், வெல்டிங் வைத்தார், நாள் கணக்கில் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்தில் யாரும் வந்து ஆறுதல் சொல்ல முடியாது.

தகடு வேலை முடிந்து பெயிண்டர் கைக்கு வண்டி வந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரு நாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்து சீட் கதவின் மேல் விளிம்பில் ஒரு கை அகலத்துக்குப் பச்சையே இல்லை. ஓரத்தில் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது, நடுவில் அதுவும் போய் இரும்பு மினுங்கியது, வழவழவென்று இருந்தது. இங்க மட்டும் என்னத்த வச்சுத் தேச்சீங்க என்று கேட்டார். முழங்கை என்றேன். அவருக்குப் புரியவில்லை, டிங்கர் எட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். என் பக்கக் கதவில் அப்படி எதுவும் இல்லை, எனக்குத்தான் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டுமே, ஊருக்கே சொல்லிக்கொடுத்த பாடம். இத விட்டுடவா, அடிக்கவா என்று பெயிண்டர் கேட்டார். விற்கிற வண்டியில் சொட்டை எதற்கு, அடித்துவிடுங்கள் என்றேன். தேய்த்தார், பச்சைத் தண்ணீர் கதவில் வழிந்து தரையில் ஓடிச் சாக்கடைக்குப் போனது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது வரும், இப்போது கண்டிப்பாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்தது, வாங்கிக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை அற்புதமாக வந்தது. மழை பெய்து ஓய்ந்த இலை மாதிரிப் பச்சை, கதவுகளின் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவு, காந்தத்தை எங்கே வைத்தாலும் கவ்வுகிறது. நீ ஏற்பாடு செய்த தரகர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் வாங்கின விலையைப் போல் எத்தனையோ மடங்கு, நீ தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாயே, அதற்கும் மேலே சொன்னார். அதோடு போயிருக்கலாம். வேலை தொடங்கும் முன் டிங்கர் எடுத்து எனக்குப் போனில் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். துருவ எடுத்தது நல்லது மேடம், ஆனா கதவு மேல இருந்த அந்தத் தேய்மானத்த விட்டிருக்கணும், இந்த மாதிரி வண்டி வாங்கறவங்களுக்கு அதுதான் வேணும், ஒரே குடும்பம் ஆசையா வச்சிருந்த வண்டின்னு அதக் காட்டியே வெலையத் தூக்கியிருப்பேன் என்றார். உன் அப்பாவுக்குப் பேரம் பேசவே வராது, கடைக்காரர் சொன்ன விலைக்கு மேலே கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவர் முழங்கைக்கு இவ்வளவு மதிப்பு இருந்தது என்று தெரிந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார். தரகருக்கும் காபி கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் தரகர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளம் வயது, நல்ல மாதிரி. அந்தப் பையன் படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, மறைக்காம வேல செஞ்சிருக்கீங்க ஆன்ட்டி, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும் என்றான். முன்பணத்துக்குப் பைக்குள் கையை விட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து அவன் பெண்டாட்டி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், சிரித்தாள், யாரும் செய்கிற மாதிரி முழங்கையைக் கதவின் மேல் வைத்தாள். கைய எடும்மா, பெயிண்ட் இன்னும் காயல என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஸ்கூல் வண்டிக்குக் குறுக்கே யாராவது ஓடினால் வருமே ஒரு குரல், அந்தக் குரல். பாவம், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சட்டையைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு பொட்டு பச்சை இல்லை. அவள் புருஷன் பானெட்டைத் தொட்டு, விரலைப் பார்த்து, என்னைப் பார்த்தான். தரகர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருந்தது குண்டு, அந்தப் பெண் மேல், ஒன்றும் அறியாத பெண் மேல். இத்தனை மாதத்தில் எனக்கு ஏதாவது வந்தது என்றால் அதுதான். அந்தப் பையன் பையிலிருந்து கையை எடுத்து, சரி ஆன்ட்டி, காஞ்சதும் சொல்லுங்க, வர்றோம் என்றான், கெட்டிக்காரப் பையன். தரகர் வீட்டுக்குப் போய்ப் போன் செய்தார். மேடம், அது காஞ்சு எத்தன நாளாச்சு என்றார். தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு வண்டிக்கு உறை போடப் போனவள், உறையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். ஸ்கூல் வண்டியில் என் ஆயுசில் பாதி அந்தப் பக்கம்தான், ஆனால் தவளையில் உட்கார்ந்ததே இல்லை. முழங்கையை வைத்துப் பார்த்தேன், எனக்கு உயரம் எட்டவில்லை, புதுப் பெயிண்ட் வேறு, நிற்காமல் வழுக்குகிறது. வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. என் கால் அதுபாட்டுக்கு முன்னால் போய்ப் பிரேக்கைத் தேடி அழுத்தியது. பழக்கதோஷம். அங்கே ஏது பிரேக். குனிந்து பார்த்தேன். கார்ப்பெட்டில் என் செருப்பு இருந்த அதே இடம் தேய்ந்து நார்நாராகக் கிடந்தது. பாடி வேலைதானே என்று உள்ளே யாரும் கை வைக்கவில்லை. நிமிர்ந்தால் ஓட்டுகிற சீட் காலியாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பக்கத்து வீட்டில் விளக்குப் போடும்வரை. அழுகை அப்போதும் வரவில்லை. மறுநாள் கால் வலித்தது.

அதனால் எனக்கு டிக்கெட் எடுக்காதே. மருமகள் எனக்காக அறையை ஒழித்துத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள் என்று சொன்னாய், அவளிடம் நீயே பக்குவமாகச் சொல், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் மேலும் இல்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. பேத்தியை முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டாதே, அவள் அழுதாலும் சரி. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், போய்த் தொலை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருந்து, நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் நான் கேட்பது. ஒன்றை மறந்துவிடாதே. தரகர் உனக்கும் போன் செய்வார். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று நீயும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா