ஜெராக்ஸ் மூடிக்குள் கிடந்த அட்டை

டீச்சரம்மா,

நம்ம ரூம் கதவைத் தட்டினேன், நீ திறக்கல. உன் கோபம் நியாயம்தான். உன் வாக்காளர் அடையாள அட்டை இந்தச் சீட்டுக்கு அடியில இருக்கு. நீ தொலைக்கல. எங்க வாடகைதாரர் சங்கத்து ஜெராக்ஸ் மிஷின் மூடிக்குள்ள கிடந்தது. "புது விதிப்படி நகல் செல்லாது, இந்த மாதிரி அசல் அட்டைதான் வேணும்"னு மாதிரிக்கு நகல் போட்டு நோட்டீஸ் ஒட்ட, உன் பையில இருந்து நான்தான் எடுத்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். தெருவெல்லாம் உன் முகத்தை ஒட்டிட்டு, காலையில ஓட்டுச்சாவடி வரிசையில அத்தனை பேர் முன்னாடி "உனக்குப் பொறுப்பே இல்லையா"ன்னு கத்தினேன் பாரு.

சங்கம் ஆதரிக்கிற ஆளுக்கு ஓட்டுப் போடமாட்டேன்னு நேத்து நீ சொன்னதால ஒளிச்சு வச்சேன்னு மட்டும் நினைச்சிடாத. ஆறு மணி வரைக்கும் ஓட்டுப் போடலாம். உன் இஷ்டப்படி போடு.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடு.

பி.கு: வரிசையில உன் பின்னாடி நின்ன தையல்காரரைத் தேடிப்போய், தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. கதவை விரல் நுனியாலதான் தட்டினேன். நீ திறந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு.