அந்தோனியாருக்கு நேர்ந்த ஒருசந்தி

பெங்களூர், 12-6-1944

அன்புள்ள அம்மாவுக்கு மகள் தெரசம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா?

ஜப்பான்காரர் பிடித்த மலாயாவிலிருந்து அண்ணன் கடிதம் வரும்வரை தினம் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பதாக நான் அந்தோனியாருக்கு நேர்ந்து இரண்டு வருடமாகிறது. போன செவ்வாய்க்கிழமை நர்ஸ் டியூட்டியில், ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குக் கொண்டுபோன கஞ்சிக் குவளையோடு விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள். நோயாளியே எழுந்து எனக்குக் கட்டில் கொடுத்தாள். நாமக்கல் ஆயா ராமாயி, "ஏனுங்க சிஸ்டர், காத்தடிச்சாவே உளுந்துருவீங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நெஞ்சுத் துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது, இப்படியே போனால் எலும்பும் கெட்டுவிடும் என்றார். சீப்பு வைத்தால் முடி கொத்தாக வருகிறது. மாதவிலக்கு நின்று ஏழு மாதமாகிறது, வேறுவிதமாக நினைத்துவிடாதீர்கள். பழைய கம்பளி இருந்தால் அனுப்புங்கள், வெயிலிலும் குளிர்கிறது.

நானாக இரண்டாம் வேளை சாப்பிட்டால் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தட்டை மூடிவைத்துவிடுகிறேன். நம் பங்குச் சாமியார் முன்னால் நேர்ந்துகொண்டது. ஒருசந்திக்குப் பதில் ஜெபமாலை சொன்னால் போதும் என்று அவர்தான் மாற்றித் தரவேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடம் கெஞ்சிக் கேளுங்கள். உங்கள் பதில் வரும்வரை எனக்கு ஒருவேளைதான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அண்ணன் கடிதத்துக்குக் காத்திருந்ததுபோல உங்கள் பதிலுக்கும் காத்திருக்க என் உடம்பில் ஒன்றுமில்லை அம்மா.

தெரசம்மாள்