வெட்டப்படாத பக்கங்கள்

வெள்ளிக்கிழமை, இரவு

திங்கட்கிழமை என் டொக்டர் பட்ட ஆய்வை ஒப்படைக்க வேண்டும். ஒரு பக்க எண்ணைச் சரிபார்க்கத்தான் இன்று பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒருவர் மனிதர்களைக் கேலி செய்து எழுதிய நூல், பழைய ஜேர்மன் மொழிபெயர்ப்பில். கற்றவன் இன்பத்தை நாடமாட்டான் என்ற அவருடைய வரியின் மேல்தான் என் மூன்றாம் அத்தியாயம் நிற்கிறது. வரியை என் பேராசிரியரின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன்.

நூலகத்தில் வேலை செய்யும் சிவம் அண்ணை புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, பாதிக்கு மேலை தாள் எல்லாம் மடிச்சபடி ஒட்டிக் கிடக்கு. அந்தக் காலத்துப் புத்தகத்திலை வாசிக்கிறவைதான் ஓரத்தை வெட்டிப் பிரிக்கோணும்; அச்சடிச்ச நாளிலையிருந்து ஒருத்தரும் வெட்டேல்லை."

"என்ரை பேராசிரியர் இந்தப் பிரதியைத்தானே அண்ணை எடுத்தவர்?"

"ஓம், ரெண்டு தரம்."

அவரே கத்தியால் பக்கங்களை வெட்டித் தந்தார். வெட்டிய பக்கங்களில்தான் வரி இருந்தது; பேராசிரியரும் அதை வேறெங்கிருந்தோதான் எடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்பவன், குடித்துவிட்டு மேசைக்கடியில் கிடக்கும் ஒரு பண்டிதன். சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பேராசிரியருக்கு எழுதினேன். அப்படியே விட்டுவிடுங்கள், யாரும் அந்தப் பக்கம்வரை போகமாட்டார்கள் என்று பதில் வந்தது. கோபம் வரவில்லை. நானும் போகாதவள்தானே.

நூலகம் மூடும்வரை வாசித்தேன். இந்த நான்கு வருடங்களில் ஒரு புத்தகத்தை வாசித்து வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். வீட்டுக்கு வந்து மூன்றாம் அத்தியாயத்தை அழித்தேன். தவணை கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை.